களம்பூரோடு நின்ற ரயில்

ஜெகநாதன் எதையும் ஆரம்பிக்காமல் விட்டதில்லை. அவரைப் பிடிக்காதவர்கள் கூட ஒப்புக்கொள்கிற குணம் அது. முடிப்பதுதான் அவருக்கு ஒத்துவராது. வீட்டுக் குளியலறைச் சுவரில் கை எட்டும் உயரம் வரை நீல பெயிண்ட், அதற்கு மேலே பழைய சுண்ணாம்பு. ஏணி இரவல் வாங்கப் போனவர் வழியில் யாரோடோ பேச நின்றார், அதோடு சரி. மாடிப்படியின் கைப்பிடி பாதிப் படி வரைக்கும் கூட வரும், பிறகு அவரவர் சாமர்த்தியம். ஆர்மோனியம் கற்றுக்கொண்டார். ச, ரி, க, ம வரை சுத்தமாக வாசிப்பார். மிச்ச ஸ்வரங்களோடு அவருக்கு அறிமுகம் ஏற்படவில்லை. தெருவில் அவருக்குப் 'பாதி ஜெகநாதன்' என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்பார்.

இத்தனைக்கும் தொழிலில் அவரைக் குறை சொல்ல ஆரணியில் ஆள் கிடையாது. பட்டுத்தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற இழைகள், நெய்து தீரும்போது, புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் பழைய பாவின் வால் இழையோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். தலைமுடியை விட மெல்லிய இழை, ஆயிரக்கணக்கில். விரல் நுனியில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், பக்கத்தில் அடிதடி நடந்தாலும் தலை நிமிராது. அவர் பிணைத்த இழை தறியில் விட்டுப்போனதாகப் பேச்சே இல்லை. ஆனால் பிணைத்ததும் சாம்பலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். நெய்து முடிப்பது நெய்கிறவர் பாடு. தன் வேலை சேர்த்துவிடுவதோடு தீர்ந்தது என்ற இந்த நியாயத்தை அவர் குளியலறைக்கும் மாடிப்படிக்கும் நீட்டித்துக்கொண்டதுதான் வம்பாகப் போயிற்று.

இந்தப் பாதிகளிலெல்லாம் பெரிய பாதி, ரயில். ஜெகநாதனின் மனைவி அபிதகுசாம்பாளின் அண்ணன் ராஜ்குமார் சிங்கப்பூரில் இருக்கிறார். ஜெகநாதனின் மகள் லாவண்யா பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், ஊருக்கு வந்தவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பொம்மை ரயிலின் உதிரிகள். தண்டவாளத் துண்டுகளைக் கோத்து வட்டமாக்கி, ஸ்டேஷனை ஒட்டி, கரண்ட் கொடுத்தால் எஞ்சின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு தானாகச் சுற்றும். குழந்தை பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஜெகநாதன் அதைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார். பிளைவுட் பலகை வாங்கினார். அரை வட்டம் தண்டவாளம் பதித்தார். அப்போது முகூர்த்த சீசன் வந்துவிட்டது. தறி வீடுகளிலிருந்து பாவு பிணைக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சீசன் முடிந்தபோது ரயில் பீரோவின் மேலே ஏறியிருந்தது. லாவண்யா கல்யாணமாகி சேத்துப்பட்டுக்குப் போய்க் குடித்தனமும் நடத்துகிறாள், ரயில் இன்னும் பீரோ மேல்தான். வெயில் காலத்தில் மட்டும் பலகையைக் கீழே இறக்கிக் கவிழ்த்துப் போட்டு அபிதா அதன் மேல் வடாம் பிழிவாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒரு நாள் அபிதா ரேஷன் கடைக்குப் போனபோது போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டாள். மணி அடித்தது. ஜெகநாதன் எடுத்தார். ராஜ்குமார்தான். வெள்ளிக்கிழமை ஊருக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அவர் சந்தோஷமாக மேலே பேசினார்.

"இந்த வாட்டி அந்த ட்ரெயின நேர்ல பாத்துட்டுதான் போவேன் மாப்ள. தீவாளிக்குத் தீவாளி நீங்க ஓட்டறத போன்லயே கேட்டுகினு எத்தினி காலம் இருக்கறது?"

ஜெகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் மச்சானிடம் ஆமாம் சொல்வது அவர் வழக்கம். ஆமாங்க மச்சான், வாங்க என்று சொல்லிப் போனை வைத்தார்.

அரிசிப் பையோடு வந்த அபிதாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவள் பையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஒரு தீபாவளிக்கு அண்ணன் பேசும்போது, ரயிலை அவர் முடித்துவிட்டார், நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றிருக்கிறார். தறி நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சிக்குத் தார் என்று பெயர், அதில் நூல் சுற்றுகிற மோட்டார் மிஷின் ஒன்று வீட்டில் உண்டு. கடகடவென்று தெருக்கோடி வரை கேட்கும். அபிதா அதைப் போட்டுவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். அண்ணன் நெகிழ்ந்து போய்விட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் இந்தக் கச்சேரி. வீடியோவில் காட்டச் சொன்னபோதெல்லாம் போனில் கேமரா போய்விட்டது என்றிருக்கிறாள். நல்ல போன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று அவர் சொன்னதற்கு, இதுவே ராசியான போன் என்று சமாளித்திருக்கிறாள்.

எதற்காக இந்த வேலை என்று ஜெகநாதன் கேட்டார்.

"பின்ன இன்னா பண்றது? எப்ப போன் பண்ணாலும், மாப்ள எதுனா ஒண்ணாவது முடிச்சாரானு கேட்டு அண்ணன் சிரிப்பாரு. எனக்கு பேஜாரா இருக்கும். நீங்க ஒண்ணே ஒண்ணு முடிச்சீங்கனு சொல்லிப் பாக்கலாம்னு ஆசையா இருந்துச்சு, சொல்லிட்டேன். அப்புறம் அத விட முடில."

தெருவே பாதி என்று கூப்பிட்டபோது வராத வெட்கம் ஜெகநாதனுக்கு அன்றைக்கு வந்தது. தினம் காலையில் பல் தேய்க்கும்போதே அந்த நீலச் சுவரைக் காட்டி அவரைத் திட்டுகிறவள் அவள். அப்படிப்பட்டவள் வெளியே போய் அவருக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை ரயில் ஓடாவிட்டால் மானம் போவது அவருக்கில்லை. போவதற்கு அவரிடம் என்ன மிச்சம்? கூடப் பிறந்த அண்ணன் முன்னால் பொய்க்காரியாக நிற்கப்போவது அபிதா. எழுந்து போய் பீரோ மேலிருந்த பலகையை இறக்கினார்.

அடிப்பக்கம் முழுக்க வடாம் கறை, மேலே அரை வட்டம் அப்படியே இருந்தது. பெட்டியில் மீதித் தண்டவாளமும் இருந்தது. எஞ்சினைச் சுத்தம் பண்ணி, கரண்ட் கொடுத்துப் பார்த்தால் பதித்த பாதி வரைக்கும் ஜோராக ஓடுகிறது. காணாமல் போனவை, துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கிற பொடிப் பொடித் தகடுகள். லாவண்யா அவற்றைப் பொம்மைக்கு வளையலாகப் போட்டு அழகு பார்த்தது இப்போதுதான் அபிதாவுக்கு ஞாபகம் வந்தது. தகடு இல்லாவிட்டால் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கரண்ட் தாண்டாது.

ஜெகநாதன் இதற்குக் கவலைப்படவில்லை, சிரித்தார். ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்க்கத் தெரியாமலா இத்தனை வருஷம் சோறு தின்கிறோம்? நூல் வெள்ளி நூலாக இருந்தால் கரண்ட் பாயும். வெள்ளி நூல் என்றால் சரிகை. இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் வேறொரு யோசனை தோன்றும் என்று எனக்குத் தெரியும். அது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியவர் பின்னால் வருகிறார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரெல்லாம் சரிகை கிடக்கிறது, ஆனால் தறிக்காரர் வீட்டுச் சரிகையில் ஒரு இழையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாலும் அது திருட்டு. ஜெகநாதன் அந்தப் பக்கம் நினைக்கவே மாட்டார். அவருடைய கல்யாணப் பட்டு வேட்டி இருந்தது. அது அவர் இடுப்பை முழுதாகச் சுற்றி வந்த காலம் மலையேறிவிட்டது. கரை அசல் வெள்ளிச் சரிகை. பொன் பூச்சு மங்கி, கருத்துப் போயிருந்தாலும் வெள்ளி வெள்ளிதான். நகத்தால் பிரித்துப் பிரித்து இழைகளை உருவினார். சாம்பல் பட்டால் கரண்ட் பாயாது என்று, வழக்கப்படி சாம்பலைத் தொடப் போன விரலைத் தானே தட்டிவிட்டுக்கொண்டு, தண்டவாள முனைகளைச் சுற்றிப் பிணைத்தார். ஒவ்வொரு பிணைப்பையும் தாண்டி எஞ்சின் ஓடியது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வட்டம் ஏறக்குறைய மூடிவிட்டது. வழியிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டேஷனை ஒட்டி, தன் கையாலேயே 'ஆரணி' என்று பெயரும் எழுதினார். அபிதா டீயோடு வந்து பார்த்துவிட்டு, எழுத்து நன்றாயிருக்கிறது என்றாள். அந்த வீட்டில் அவர் வேலையைப் பற்றி அப்படியொரு வார்த்தை வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில், ஸ்டேஷனுக்கு எதிரே இருக்க வேண்டிய கடைசித் துண்டு ஒன்றுதான் பாக்கி. அதற்கு இரண்டு பக்கமும் பிணைக்க வேண்டும். அப்போது பார்த்து வேட்டிச் சரிகை தீர்ந்துபோயிற்று. மறு கரையைப் பிரிக்கலாம் என்றால், அதைப் பூச்சி எப்போதோ முடித்திருந்தது. முடிக்கிற வேலையில் அந்தப் பூச்சிக்கு இருந்த அக்கறை ஜெகநாதனுக்கு இருந்திருக்கலாம்.

அபிதா குளிக்கப் போயிருந்தாள். அண்ணனுக்காக இன்றைக்குக் கட்டப்போகிற புடவை கட்டில் மேல் இருந்தது. லாவண்யாவின் மஞ்சள் நீராட்டுக்குத் ராஜ்குமார் தாய்மாமன் சீர் கொண்டுவந்தபோது தங்கைக்குக் கொடுத்த புடவை அது. ஆரணிப் பட்டை சிங்கப்பூரில் வாங்கி ஆரணிக்கே கொண்டுவந்து கொடுத்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அசல் சரிகை, அசல் சரிகை என்று சபையில் நாலு தடவை சொன்னார். சீர்ப் புடவையின் சரிகையை நகத்தால் சுரண்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் கொடுத்தவரைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். அதனால் அன்றைக்கு யாரும் சுரண்டவில்லை. ஜெகநாதனும் அந்தப் புடவையைத் தொட்டதே இல்லை. இன்றைக்குக் கையெல்லாம் பசை, கண்ணாடி எங்கேயோ, குளியலறையில் தண்ணீர் சத்தம் நிற்பதற்குள் ஆக வேண்டும். முந்தானையின் உள்மடிப்பில் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து விரல் நீளத்துக்கு இரண்டு இழை உருவினார்.

பிணைத்தார். சுவிட்சைப் போட்டார். ரயில் கிளம்பி, வட்டத்தைச் சுற்றி வந்து, ஆரணி பிளாட்பாரத்தில் மூக்கை நுழைத்ததும் செத்துப்போய் நின்றது. விரலால் தள்ளி அந்தத் துண்டைத் தாண்டவைத்தால் மறுபடி ஓடுகிறது. சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறது. பிணைப்பைப் பிரித்து மறுபடி பிணைத்தார். மறுபடி நின்றது. தன் விரல் பிணைத்தது பிடிக்கவில்லை என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அந்த இழையைப் பார்த்தார். பூஜை அலமாரியில் எரிந்த விளக்கில் ஒரு நுனியைக் காட்டினார். நல்ல சரிகையைக் கொளுத்தினால் பட்டு கருகும், வெள்ளி நிற்கும். இது சுருண்டு உருகி, கடுகு போல ஒரு கறுப்பு உருண்டையாகி, பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம் அடித்தது.

வாசலில் கார் வந்து நின்றது. ஜெகநாதன் உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ராஜ்குமார் காபியைக் கூட உட்கார்ந்து குடிக்கவில்லை. டம்ளரோடு ரயிலிருந்த அறைக்கு வந்துவிட்டார். அபிதா அந்தப் புடவையில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. ரயில் நேற்று ஓடியதை அவள் பார்த்திருக்கிறாள், இன்றைக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது. ராஜ்குமார் அவளைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தீங்களா மாப்ள, எத்தினி வருஷமாச்சு, பொடவ இன்னும் எப்டி மின்னுது. அசல் சரிகனா அப்டிதான்."

போலிதான் அப்படி மின்னும், அசல் கருக்கும் என்பது ஆரணியில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். சிங்கப்பூர் அவருக்கு அதை மறக்கடித்திருந்தது. ஜெகநாதன் சுவிட்சைப் போட்டார்.

ரயில் கிளம்பியது. ராஜ்குமார் குழந்தை மாதிரி கை தட்டினார். ரயில் சுற்றி வந்தது. பிளாட்பாரத்தில் மூக்கை வைத்தது, நின்றது. கொஞ்ச நேரம் எல்லோரும் அது தானாகக் கிளம்பும் என்று காத்திருந்தார்கள்.

"இன்னா மாப்ள, இதுவும் பாதிதானா? ஓடுது ஓடுதுனு இவ சொல்லிகினு இருந்தாளே" என்று ராஜ்குமார் சிரித்தார். சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார். அவள் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. முந்தானையை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

ஜெகநாதனின் கை சட்டைப் பைக்குப் போனது. உருண்டை அங்கே இருந்தது. அதை எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தால் போதும். உங்கள் அசல் சரிகை கரண்டைக் கடத்தவில்லை என்று ஒரு வார்த்தை போதும். இத்தனை வருஷக் கேலிக்கு வட்டியும் முதலுமாகத் தீர்ந்துவிடும். அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த அறையில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் அபிதா. புருஷனால் ஒரு அவமானம் போதாதென்று அண்ணனால் இன்னொன்றையும் அவள் தலையில் கட்டுவதா? கையை வெறுமனே வெளியே எடுத்தார். பலகையில் அவரே எழுதிய 'ஆரணி'யின் மேல் கண் போயிற்று.

"பாதி இல்லீங்க மச்சான், அவ்ளோதான் ட்ரெயினு" என்றார். "ஆரணிக்குள்ள எப்ப ட்ரெயின் வந்துச்சு? ஆரணி ரோடுனு போர்டு போட்டு களம்பூர்லதான நிக்குது. மூக்கு நிக்கிதே, அந்த எடம் களம்பூரு. அந்தாண்ட இருக்கறது ஆரணி. இங்க எறங்கி பஸ் புடிச்சுதான் வரணும். உள்ளது உள்ளபடி செஞ்சிருக்கேன்."

ராஜ்குமார் பலகையைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், காபி டம்ளரை அபிதாவிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் தடவை சிங்கப்பூர் போகும்போது களம்பூர் ஸ்டேஷனுக்கு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலை விட்ட கதையைச் சொன்னார். ஊருக்குள் ரயில் வரப்போகிறது என்று தன் அப்பா காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயிலைப் பின்னால் நகர்த்தி வைத்துத் தானே சுவிட்சைப் போட்டு, அது களம்பூரில் நிற்பதை நாலைந்து முறை பார்த்தார். மாப்ளைக்கு எவ்வளவு கிண்டல் என்று தங்கையிடம் மெச்சிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் தெரு திரும்பியதும் அபிதா உள்ளே வந்து, முந்தானையின் உள்மடிப்பை விரித்து அவர் முன்னால் காட்டினாள். இழை உருவிய இடம் இரண்டு கோடாகத் தெரிந்தது. அண்ணன் முன்னால் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது.

"இதுல போயி சரிக தேடினீங்களே. குடுத்த அன்னிக்கே எனக்குத் தெரியும். அசல் சரிகனா மடிச்சா மடிப்பு நிக்கும், இது நிக்கல."

ஜெகநாதன் உருண்டையை எடுத்துக் காட்டினார். அவள் அதை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. ஏன் தன்னிடம் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று அவரும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து அடித்தட்டிலிருந்து தன் கூறைப்புடவையை எடுத்துவந்தாள். கறுத்துப்போன சரிகை. கரையோரம் தானே இரண்டு இழையை உருவி அவர் கையில் வைத்தாள். அவர் பிணைத்தார். ரயில் சுற்றி வந்தது, களம்பூரில் நிற்காமல், ஆரணி பிளாட்பாரம் முழுவதையும் கடந்து போனது. மறுபடி வந்தது, மறுபடி கடந்தது. ஜெகநாதனுக்கு அழுகை வந்தது. எதையாவது முடித்தால் இப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் தார் மிஷினுக்கு பெல்ட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் திருமலையைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ரயிலைக் காட்டினார். திருமலை குனிந்து பிணைப்புகளைப் பார்த்தான். என்ன நூல் என்று கேட்டான். கல்யாண வேட்டி, கூறைப்புடவை என்று ஜெகநாதன் பெருமையாகச் சொன்னார்.

"ஒரு ஜாண் செப்புக் கம்பி போதுமேண்ணா" என்றான் திருமலை.

ரயில் இன்னொரு சுற்றுப் போய் வந்தது. மிஷின் ரெடியாகிவிட்டதா என்று அபிதா கேட்டாள். ஆகிவிட்டது என்றான். அப்படியானால் கிளம்பு என்றாள்.

அவன் செருப்பு மாட்டும்போது ராஜ்குமாரின் போன் வந்தது. சென்னை ஏர்போர்ட்டில் இருக்கிறாராம். ரயில் எப்படி இருக்கிறது, இன்னும் களம்பூரில்தானா என்று கேட்டார். அபிதா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வருஷா வருஷம் சொன்ன அதே வார்த்தையை முதல் தடவையாகப் பயமில்லாமல் சொன்னாள்.

"நல்லா ஓடிகினு இருக்குதுண்ணா. ஆரணிக்கே வந்துடுச்சு. தோ, கேளு."

போனை ரயிலுக்கு மேலே பிடித்தாள். இத்தனை வருஷம் ஓடாமல் புதிதாகவே இருந்த சிங்கப்பூர் எஞ்சின், கொசு பறக்கிற அளவுக்குக் கூடச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாமா இது, ஒண்ணுமே கேக்கல? தீவாளிக்கெல்லாம் அப்டி கேக்குமே. திரும்ப நின்னுடுச்சா?"

அபிதா ஜெகநாதனைப் பார்த்தாள். எழுந்தாள். அடுத்த அறைக்குப் போய், புது பெல்ட் போட்ட தார் மிஷினின் சுவிட்சைத் தட்டினாள். வீடே கடகடத்தது.

"ஆங், இதான்! இதான் ட்ரெயினு" என்று ராஜ்குமார் போனில் கத்தினார்.

ஜெகநாதன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அபிதா அவரை முறைத்துக்கொண்டே போனை மிஷினுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் பிடித்தாள்.